கியர் ராடே இல்லாத கார்... சேற்றில் ஜெயித்து ரோட்டில் தோற்ற ஹென்றி ஃபோர்டு!

தார், ஜிம்னி மாதிரி ஆஃப்-ரோடு வண்டி வாங்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கலரைவிட அவர்களைக் குழப்புவது மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்ற கேள்விதான். இரண்டு வண்டியிலும் இரண்டுமே கிடைக்கிறது. மலையில் இறங்கும்போது கியர் நம் கையில் இருக்கணும், அதனால் மேனுவல்தான் என்கிறது ஒரு கோஷ்டி. சேற்றுக்குள் கிளட்சை மிதிக்கிற அந்த அரை நொடியிலேயே வண்டி நின்றுவிடும், ஆட்டோமேட்டிக்தான் சரி என்கிறது இன்னொரு கோஷ்டி. எங்கள் டெஸ்கிலும் டீ நேரத்தில் இந்தப் பஞ்சாயத்து ஓடும். (லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்று முறை வண்டியை ஆஃப் பண்ணிய ஆள் நான். அதனால் என்னிடம் நடுநிலையை ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.)

ஆனால் இது இன்றைய பஞ்சாயத்து இல்லை. 1908-லேயே ஒருவர் இதற்கு ஒரு தீர்ப்பு எழுதி, அதை ஒன்றரைக் கோடி கார்களில் பொருத்தி விற்றார். அவர்தான் ஹென்றி ஃபோர்டு. தொழிற்சாலை, அசெம்ப்ளி லைன், 5 டாலர் சம்பளம் என்று அவரைப் பற்றி நிறையவே படித்திருப்போம். அவர் வாழ்க்கையைக் கியர்பாக்ஸ் வழியாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. சரியான இடத்துக்குச் சரியான கியரைத் தேர்ந்தெடுத்த ஒரு மனிதர், இடம் மாறிய பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கதை. அதற்கான விலையில் பெரிய பங்கைக் கொடுத்தது அவருடைய ஒரே மகன்.

சேற்றுப் பாதையில் வளர்ந்த பையன்

ஃபோர்டு பிறந்தது 1863 ஜூலை 30. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயப் பண்ணை. அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். ஹென்றிக்கு 12 வயது இருக்கும்போது, 1876-ல் அம்மா மேரி இறந்துபோனார். அதே வருடம் அப்பாவுடன் குதிரை வண்டியில் டெட்ராய்ட் போகும் வழியில், எதிரே ஒரு நீராவி இயந்திரம் வந்தது. குதிரை இழுக்காமல் தானாகவே ரோட்டில் நகர்ந்து வந்த இயந்திரம். அந்தக் காட்சியை ஃபோர்டு கடைசி வரை மறக்கவில்லை.

பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பிரித்து மாட்டுவதுதான் பிடித்திருந்தது. 1879-ல் டெட்ராய்ட்டுக்குப் போய் இயந்திரப் பட்டறையில் தொழில் பழகினார். 1888-ல் கிளாராவைத் திருமணம் செய்தார். 1891-ல் எடிசன் மின்சார நிறுவனத்தில் இன்ஜினீயராகச் சேர்ந்தார். 1893-ல் மகன் எட்செல் பிறந்தார். தம்பதிக்கு வேறு குழந்தை இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் இரவு முழுக்க இருப்பார். 1896 ஜூன் 4 அதிகாலையில் அவருடைய முதல் வண்டி தயாரானது. சைக்கிள் சக்கரம் நான்கு, பெல்ட் மூலம் இரண்டு வேகம். ரிவர்ஸ் கிடையாது. எல்லாம் முடிந்து வெளியே தள்ளலாம் என்று பார்த்தால், ஷெட் கதவைவிட வண்டி அகலம்! கோடாரி எடுத்துச் சுவரை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்.

அடுத்த ஏழு வருடங்களில் ஒரு நிறுவனம் ஆரம்பித்து நஷ்டம், இன்னொன்று ஆரம்பித்துச் சண்டை போட்டு வெளியேற்றம். அவர் விட்டுப்போன அந்த இரண்டாவது நிறுவனம்தான் பின்னாளில் கேடிலாக் ஆனது. 1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி தொடங்கியபோது அவருக்கு வயது 40-ஐ நெருங்கிவிட்டது. பங்குதாரர்கள் பணக்காரர்களுக்குப் பெரிய கார் செய்யச் சொன்னார்கள். அவர் தலையில் இருந்தது வேறு. அப்பா மாதிரியான விவசாயி ஓட்டுகிற வண்டி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1904-ல் அமெரிக்க அரசு எடுத்த கணக்குப்படி, ஊர்ப்புறச் சாலைகளில் ஏதாவது ஒரு வகையில் கல், சரளை போட்டு மேற்பூச்சு செய்யப்பட்டவை நூற்றுக்குச் சுமார் 7 மட்டும்தான். மீதியெல்லாம் மண். மழை பெய்தால் சேறு. காய்ந்தால் மாட்டு வண்டித் தடம்போல ஆழமான பள்ளம். ஆக, அந்தக் காலத்தில் ஆன்-ரோடு, ஆஃப்-ரோடு என்ற பிரிவே கிடையாது. ஊரைத் தாண்டினால் எல்லாமே ஆஃப்-ரோடுதான்.

மூன்று பெடல்... ஆனால் கியர் ராடு எங்கே?

1908 அக்டோபர் 1-ல் மாடல் டி வந்தது. 20 குதிரைத்திறன், 2.9 லிட்டர் இன்ஜின், எடை 600 கிலோவுக்குள். வனேடியம் கலந்த எஃகு என்பதால் மெலிதாக இருந்தும் உடையாது. தரையிலிருந்து சுமார் 10 அங்குல உயரம். இன்றைய பல எஸ்யூவிகளைவிட அதிகம்! தென் மாநிலங்களில் வண்டித் தடம் அகலமாக இருந்ததால், அங்கே விற்கிற கார்களுக்கு மட்டும் சக்கர இடைவெளியை 56 அங்குலத்திலிருந்து 60 அங்குலமாக மாற்றிக் கொடுத்தார்கள். பள்ளத்தில் சக்கரம் சரியாக உட்காரணுமே, அதற்காக.

இந்தக் காரின் டிரைவர் சீட்டில் இன்று நம்மை உட்கார வைத்தால் திணறிப் போவோம். கீழே மூன்று பெடல். ஆனால் ஆக்ஸிலரேட்டர் அதில் இல்லை. அது ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் சின்ன லீவராக இருக்கும். வலது பெடல் பிரேக். நடு பெடலை மிதித்தால் ரிவர்ஸ். இடது பெடலில்தான் விளையாட்டே. முழுசாக அழுத்தினால் லோ கியர். பாதியில் பிடித்தால் நியூட்ரல். காலை எடுத்துவிட்டால் ஹை கியர். இடது கைப்பக்கம் ஒரு லீவர் உண்டு, ஆனால் அது ஹேண்ட் பிரேக். நேராக நிறுத்தினால் நியூட்ரல். கியர் மாற்றுவதற்கென்று ராடு எதுவும் கிடையாது. முன்னால் போக இரண்டு கியர், பின்னால் போக ஒன்று. அவ்வளவுதான்.

உள்ளே இருந்தது பிளானட்டரி கியர். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல, நடுவில் இருக்கிற பல்சக்கரத்தைச் சின்னப் பல்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பற்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். அவற்றோடு சேர்ந்து சுழலும் டிரம்களில் ஒன்றை ஒரு பட்டையால் இறுக்கிப் பிடித்து நிறுத்தினால் லோ. இன்னொன்றைப் பிடித்தால் ரிவர்ஸ். எதையும் பிடிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் மொத்தமும் சேர்ந்து சுழலும், அது ஹை. பெடலை மிதிப்பது என்பது அந்தப் பட்டையை இறுக்குவது.

இதற்கு எதிர்க்கட்சி அப்போது ஸ்லைடிங் கியர். நம் மேனுவல் கியர்பாக்ஸின் தாத்தா. ராடைத் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் நகர்ந்து இன்னொரு பல்சக்கரத்தோடு கோக்கணும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றினால்தான் கோக்கும். இல்லையென்றால் கறகறவென்று சத்தம், சில சமயம் பல்லே உடையும். வேகத்தைத் தானாகச் சமன் செய்யும் சின்க்ரோமெஷ் வந்ததே 1928-ல்தான். அதுவரை கிளட்சை இரண்டு முறை மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து கியர் போடணும். கடிவாளம் மட்டுமே பிடித்துப் பழகிய விவசாயிக்கு அது சர்க்கஸ்.

பிளானட்டரி கியரை ஃபோர்டு கண்டுபிடிக்கவில்லை. அன்றைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் அது இருந்தது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு ஸ்லைடிங் கியருக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஃபோர்டு அதைவிட்டு நகரவில்லை. சரியாகச் சொன்னால் மாடல் டி ஆட்டோமேட்டிக் கார் இல்லை. எந்தக் கியர் வேண்டும் என்று டிரைவர்தான் முடிவு செய்யணும். ஆனால் கியர் போடும் திறமை தேவைப்படாத கார். இன்று ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் சொல்கிற முதல் காரணமும் அதுதானே?

பின்பக்கமாக மலையேறிய கார்

சேற்றில் இந்த அமைப்பு எப்படி உதவியது? ஒரு மேனுவல் வண்டியைச் சேற்றில் ஓட்டினால், சக்கரத்தை மண் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கிளட்சை மிதித்ததும் இன்ஜினின் உந்துதல் நின்றுவிடும். கியர் மாற்றி முடிப்பதற்குள் வண்டியும் நின்றுவிடும். மாடல் டி-யில் அந்த இடைவெளி மிகக் குறைவு. காலை எடுத்தால் ஹை, அழுத்தினால் லோ.

மாட்டிக்கொண்டாலும் கவலை இல்லை. லோ பெடலை ஒரு மிதி, ரிவர்ஸ் பெடலை ஒரு மிதி. மாறி மாறி மிதித்தால் வண்டி ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி, பள்ளத்தை விட்டு எழுந்து வந்துவிடும். இதை ஸ்லைடிங் கியரில் அந்த வேகத்தில் செய்யவே முடியாது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் ரிவர்ஸ் பெடலையே பிரேக்காக மிதிப்பதும் சாதாரண விஷயம். பாடம் நடத்த யாரும் இல்லாமலே ஊர் ஊராக மக்கள் கண்டுபிடித்துக்கொண்ட வித்தைகள் இவை.

இன்னொரு வித்தை கேட்டால் சிரிப்பு வரும். செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏறுவார்கள். காரணம் இரண்டு. ரிவர்ஸ் கியரின் விகிதம் சுமார் 4-க்கு 1. லோ கியர் 2.75-க்கு 1. அதாவது ரிவர்ஸில்தான் இழுவை அதிகம். அதோடு இந்தக் காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது; சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்குப் போகணும். மேடு செங்குத்தாகி, டேங்கில் பெட்ரோலும் குறைவாக இருந்தால் அது வழியாது, வண்டி நின்றுவிடும். திரும்பி ஏறினால் டேங்க் மேலே வந்துவிடும். பிரச்னை முடிந்தது!

1909 ஜூனில் நியூயார்க்கிலிருந்து சியாட்டிலுக்கு ஒரு பந்தயம் நடந்தது. 6,500 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் பாதையே இல்லாத வழி. விலையும் எடையும் பல மடங்கு அதிகமான கார்கள் சேற்றில் புதைந்து கிடக்க, மாட்டினால் ஆட்களே தூக்கி வெளியே வைக்கிற எடையில் இருந்த மாடல் டி 22 நாள்களில் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது. சில மாதங்கள் கழித்து, வழியில் இன்ஜினை மாற்றியது தெரிந்து பரிசைப் பறித்தார்கள். அதற்குள் ஃபோர்டு அந்த வெற்றியை விளம்பரம் செய்து காரை விற்றே முடித்திருந்தார். 1911-ல் ஸ்காட்லாந்தின் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலை உச்சிக்கும் ஒரு மாடல் டி ஏறியது. முதல் உலகப் போரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் ரோந்து போன பிரிட்டிஷ் லைட் கார் பேட்ரோல் படைகள் ஓட்டியதும் இதே காரைத்தான். மணலில் எடை குறைந்த வண்டிக்குத்தான் மரியாதை.

குறையே இல்லையா? நிறைய இருந்தது. நீண்ட மேட்டில் ஏறும் வரை இடது காலை லோ பெடலில் அழுத்தியே வைத்திருக்கணும், கால் மரத்துப்போகும். டிரம்மைப் பிடிக்கும் பட்டையின் உள்பக்கம் பருத்தித் துணி லைனிங். மலைப்பகுதியில் ஓட்டினால் சூடாகித் தேய்ந்துகொண்டே இருக்கும். குளிர்காலக் காலையில் ஆயில் கெட்டியாகி, உள்ளே கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று கிராங்க் சுற்றிய ஆளையே ஸ்டார்ட் ஆன வண்டி மெதுவாக முட்ட வரும். இறக்கத்திலும் சிக்கல்தான். பிரேக்கும் அந்தக் கியர் பெட்டிக்குள்ளேயே இருந்ததால், அங்கிருந்து பின்சக்கரம் வரை போகும் இணைப்பில் ஏதாவது உடைந்தால், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

இன்றைய ஆஃப்-ரோடு ஆட்டோமேட்டிக்கைப் பற்றிக் கேள்விப்படுகிற குறைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணலில் ரொம்ப நேரம் ஓட்டினால் கியர் ஆயில் சூடாகும், இறக்கத்தில் மேனுவல் மாதிரி இன்ஜின் இறுக்கிப் பிடிக்காது... 110 வருடப் பழைய புகார்கள் இவை! இப்போது இறக்கத்துக்கு லோ ரேஞ்ச், கியரைப் பிடித்து வைக்கும் வசதி, தானாக பிரேக் பிடிக்கும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் எல்லாம் வந்துவிட்டன. பேட்டரி இறந்துபோனால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

மகன் கேட்டது மூன்று கியர்

1913-ல் அசெம்ப்ளி லைன் ஓட ஆரம்பித்தது. 12 மணி நேரத்துக்கு மேல் ஆன சேஸிஸ் பொருத்தும் வேலை, சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு வந்தது. 1914 ஜனவரியில் ஒரு நாள் சம்பளம் 5 டாலர் என்று அறிவித்தார். 850 டாலருக்கு அறிமுகமான கார், 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. இதெல்லாம் தெரிந்த கதை, வேகமாகக் கடந்துவிடலாம்.

மாடல் டி-யை யாரும் தொடக்கூடாது என்பதில் ஃபோர்டு எவ்வளவு தீவிரமாக இருந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 1912-ல் அவர் ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது, அவருடைய ஆட்கள் ஆசையாக ஒரு புதிய மாதிரிக் காரைச் செய்து வைத்தார்கள். திரும்பி வந்தவர் காரை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு கதவைப் பிய்த்தார். அடுத்த கதவையும் பிய்த்தார். கண்ணாடியை நொறுக்கினார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லையாம்.

மகன் எட்செல் வேறு மாதிரி. அமைதியானவர், அழகுணர்ச்சி உள்ளவர், ஊர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவர். 1919-ல் 25 வயதிலேயே கம்பெனித் தலைவர் ஆனார். பெயருக்குத்தான். முடிவு எல்லாம் அப்பாவுடையது. 1916-லும் 1921-லும் வந்த சட்டங்களால் மத்திய அரசுப் பணம் சாலைகளுக்குள் பாய்ந்தது. சேறு குறைந்து, கான்கிரீட் ரோடு நீண்டது. நல்ல ரோட்டில் இரண்டு கியர் போதவில்லை. லோவில் இன்ஜின் கத்தும். ஹையில் மேடு ஏறாது. நடுவில் ஒன்றும் இல்லை. பின் ஆக்ஸிலில் கூடுதல் கியர் கொடுக்கும் ரக்ஸ்டெல் என்ற பாகத்தை வெளியில் வாங்கிப் பலர் மாட்டிக்கொண்டார்கள். ஃபோர்டு கம்பெனியே அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. அதாவது, இரண்டு கியர் போதவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

பக்கத்திலேயே செவர்லே மூன்று கியரோடு வந்தது. அதை நடத்தியவர் வில்லியம் நட்சன், ஃபோர்டிடம் வேலை செய்து வெளியேறியவர். கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் புதிய தலைமுறை கியர் ராடுக்குப் பழகிவிட்டது. தொடர்ந்து சொல்லிப் பார்த்த எட்செலின் பக்கம் கம்பெனிக்குள் துணிந்து நின்றவர் அவருடைய சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர். 1926 ஜனவரியில், மாடல் டி-யின் காலம் முடிந்தது என்று ஹென்றிக்கே நேரடியாக ஒரு குறிப்பு எழுதினார். ஆறு மாதத்தில் அவருக்கு வேலை போனது. எட்செல் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

அந்த ஆண்டுகளில் ஹென்றியின் பிடிவாதம் கியர்பாக்ஸோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாகணும். அவர் நடத்திய பத்திரிகை 1920-லிருந்து யூதர்கள் மீது தொடர்ந்து வெறுப்பைக் கக்கியது. வழக்கு வந்த பிறகு 1927-ல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். அதில் அச்சானவை பல மொழிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன.

கடைசியில் சந்தை பேசியது. நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் வைத்திருந்த கம்பெனி, வேகமாகச் சரிந்தது. 1927 மே 26-ல் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. அதை எட்செல் ஓட்ட, ஹென்றி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அதோடு உற்பத்தி நிறுத்தம். அடுத்த கார் என்ன என்று முழுசாக முடிவாகாமலே ஆலைகளை மூடியதால், மாதக்கணக்கில் பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. இந்த இடம்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. வேண்டாம் என்று சொன்ன அத்தனை பேரையும் மீறி எடுத்த முடிவுக்கு, வீட்டில் அடுப்பு எரியாமல் போனது யாருக்கு?

புதிய கார், மாடல் ஏ. அதிலும் பிளானட்டரி கியரே இருக்கட்டும் என்றுதான் ஹென்றி நின்றார். எட்செலும் மற்றவர்களும் மல்லுக்கு நின்று மூன்று கியர் ஸ்லைடிங் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். 1927 டிசம்பர் 2-ல் அறிமுகம். சுமார் நான்கு வருடங்களில் 48 லட்சத்துக்கும் மேல் விற்பனை. கியர் விஷயத்தில் மகன் ஜெயித்தார். பிரேக்கில் ஜெயிக்கவில்லை. ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்று எட்செல் வருடக்கணக்கில் கேட்டும், 1939 மாடல் வரை அப்பா விடவே இல்லை.

மேனுவலுக்கு மாறியதால் ஃபோர்டு கார் மண்ணில் சோடை போனதா என்றால், அதுவும் இல்லை. 1929-லும் 1930-லும் ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லிபியப் பாலைவனத்தின் மணல் கடலுக்குள் போனது மாடல் ஏ கார்களில்தான். டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போடுவது என்று அவர் பழக்கிய முறைகளைத்தான் இன்றும் மணலில் ஓட்டுகிறவர்கள் செய்கிறார்கள். எந்தக் கியர்பாக்ஸ் என்று மாதக்கணக்கில் யோசிக்கிற நாம், டயர் காற்றைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஜீப்பில் மேனுவல், டாங்கியில் ஆட்டோமேட்டிக்

ஹென்றி விட்டுக்கொடுத்த பிளானட்டரி கியர் 12 வருடத்தில் திரும்பி வந்தது. வேறொருவர் கையில். போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ஹைட்ராமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. உள்ளே பார்த்தால் அதே சூரியன், அதே கோள்கள், அதே டிரம்மைப் பிடிக்கும் பட்டை. மாடல் டி-யில் டிரைவரின் கால் செய்த வேலையை இதில் ஆயில் அழுத்தம் செய்தது. இரண்டுக்குப் பதில் நான்கு கியர்.

இரண்டாம் உலகப் போரில்தான் நம் பஞ்சாயத்து சுவாரஸ்யமாகிறது. அமெரிக்க ராணுவத்துக்கு எங்கும் போகிற சின்ன வண்டி தேவைப்பட்டது. அதுதான் ஜீப். வில்லிஸ் கம்பெனியோடு சேர்ந்து ஃபோர்டும் அதைத் தயாரித்தது. ஃபோர்டு ஆலைகளிலிருந்து மட்டும் சுமார் 2.8 லட்சம் ஜீப்புகள். அதில் இருந்தது மூன்று கியர் மேனுவல், கூடவே இழுவையைக் கூட்ட டிரான்ஸ்ஃபர் கேஸ். ஆனால் அதே ராணுவத்தின் எம்-5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு கேடிலாக் இன்ஜின், இரண்டு ஹைட்ராமேட்டிக். ஜீப் எளிதாக, மலிவாக, கிடைத்த ஸ்பேனரால் பழுது பார்க்கிற மாதிரி இருக்கணும். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கியில் டிரைவரின் கவனம் கியரில் செலவாகக் கூடாது. ஒரே மண், ஒரே போர், இரண்டு விடை.

எட்செல் அந்தப் போரின் முடிவைப் பார்க்கவில்லை. கம்பெனியின் ராணுவ உற்பத்திச் சுமை ஒரு பக்கம், அப்பாவின் அடியாள் மாதிரி வளர்ந்திருந்த ஹாரி பென்னட்டின் அவமரியாதை இன்னொரு பக்கம். ஹென்றிக்கு மகனைவிட பென்னட் பேச்சுதான் இனித்தது. வயிற்றுப் புற்றுநோய் முற்றி, 49 வயதில் எட்செல் இறந்தார். தேதி 1943 மே 26. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றரைக் கோடியாவது மாடல் டி-யை ஓட்டிய அதே நாள், 16 வருடம் கழித்து.

80 வயதை எட்டிக்கொண்டிருந்த ஹென்றி மறுபடி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நினைவு தடுமாறியது. கம்பெனி பணத்தை இழந்துகொண்டிருந்தது. எட்செலின் மனைவி எலினார், தன் மகனிடம் பொறுப்பைக் கொடுக்காவிட்டால் தன்னிடம் உள்ள பங்குகளை விற்றுவிடுவேன் என்று நின்றார். கிளாராவும் மருமகள் பக்கம். 1945 செப்டம்பரில் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு தலைவரானார். முதல் வேலையாக பென்னட்டை வெளியே அனுப்பினார்.

1947 ஏப்ரல் 7 இரவு. டியர்பார்ன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ரூஜ் ஆற்றில் வெள்ளம். மின்சாரம் இல்லை. ஒரு காலத்தில் எடிசன் கம்பெனியில் ஊருக்கே மின்சாரம் கொடுத்தவர், மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்த அறையில் 83 வயதில் இறந்தார். பிறந்த பண்ணை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1951 மாடலில் அவருடைய கம்பெனி தன் முதல் ஆட்டோமேட்டிக்கை விற்க ஆரம்பித்தது. பெயர் ஃபோர்டோமேட்டிக். உள்ளே பிளானட்டரி கியர்.

நமக்குப் பக்கத்தில் வந்தால், சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த எண்டெவரை ரோட்டில் பார்த்திருப்பீர்கள். 2020-ல் அந்த ஆஃப்-ரோடு வண்டி புதிய 2 லிட்டர் டீசல் இன்ஜினோடு வந்தபோது, இந்தியாவில் மேனுவல் வாங்க வழியே இல்லை. கிடைத்தது 10 கியர் ஆட்டோமேட்டிக் மட்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கைகோத்து உருவாக்கிய கியர்பாக்ஸ் அது. மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு செட் பிளானட்டரி கியர் இருக்கும்.